லண்டனில் பத்திரமாக இருக்கும் முகம்

பிள்ளை,

உன் கடிதம் நேற்றுக் காலையில்தான் என் கைக்கு வந்தது. சுகம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன்: நான் உயிரோடு இருக்கிறேன், கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது, தெற்குப் பக்க வேலி விழுந்து கிடக்கிறது, ஆடு மூன்றும் சுகம். இனி விஷயத்துக்கு வருவோம். கடிதத்தின் தலையில் நீ போட்டிருந்த திகதியைப் பார்த்தேன். மூன்று மாதமும் ஒரு கிழமையும் ஆகியிருக்கிறது. "இன்னும் பதினைஞ்சு நாளிலை கையெழுத்து வைக்கவேணும் அப்பா, அதுக்கு முன்னம் ஒரு சொல் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பதினைந்து நாள் எப்போதோ போய்விட்டது. நீ கையெழுத்து வைத்தாயோ, உண்மையைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தாயோ, எனக்குத் தெரியாது. நெருப்பு அணைந்த பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனின் நிலையில்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் எழுதியாக வேண்டும். நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாவிட்டாலும், நீ கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டி இருக்கிறது.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. அடுத்த கிழமை கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும். ஒரு கிழவன் மகளுக்குத் தன் பிழையை எழுதியிருக்கிறான், அவ்வளவுதான் அதில் இருக்கும்.

நீ எழுதியதை நாலு தரம் வாசித்தேன். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், பிழை என்றால் திருத்து. அங்கே லண்டனில் புத்தகங்களுக்குப் படம் கீறுகிறவர்கள் நேரே பதிப்பகத்துக்குப் போய்க் கதவைத் தட்டினால் யாரும் திறக்கமாட்டார்கள். நடுவில் ஒரு முகவர் நிலையம் இருக்கிறது. அவர்கள் ஒருவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டால் வேலை தேடிக் கொடுப்பார்கள், பங்கும் எடுப்பார்கள். நான் அவர்களைப் படத் தரகர் என்று சொல்கிறேன், கோபிக்காதே. கலியாணத் தரகரிடம் சாதகத்தைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைப்போல, நீ உன் படக்கட்டைக் கொடுத்துவிட்டு ஐந்து இடத்தில் காத்திருந்திருக்கிறாய். ஆட்டுக்குட்டி, காகம், மழைச் சட்டை போட்ட பிள்ளைகள். ஐந்து இடத்திலும் அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை செய்துவிட்டு, பின்னேரத்தில் படிக்கப் போய், குளிரில் விரல் விறைக்கக் கீறிய படங்கள் அவை. அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஐந்து பேரையும் நம் இறங்குதுறையில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க வள்ளத்துக்குக் காக்க வைத்திருப்பேன்.

அதன் பிறகு அங்கே ஒரு புது மும்முரம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் புத்தகங்களில் வெள்ளை முகங்கள் மட்டும் இருக்கின்றன, கீறுகிறவர்களும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்கள், இனி மற்ற நாடுகளில் இருந்து வந்தவர்களையும் சேர்க்கவேண்டும் என்று பேச்சு. அந்தப் பேச்சினால் ஆறாவது கதவு திறந்தது. அங்கே இருந்த தரகர் அம்மா உன் ஆட்டுக்குட்டியை மூடி வைத்துவிட்டு, "இது எல்லாரும் கீறுவது. நீ வந்த இடத்தை எனக்குக் காட்டு" என்று கேட்டாள். அதற்காகத்தான் போன வருடம் நீ எனக்கு எழுதினாய்: என் பழைய கொப்பி மூன்றையும் எப்படியாவது அனுப்பிவிடுங்கோ.

அந்தக் கொப்பிகளைப் பற்றி நான் பேசுவதற்கே யோக்கியதை இல்லாதவன். எண்பத்து மூன்றில் கொழும்பில் அடி வாங்கி, கப்பலில் ஏறி, நாங்கள் நயினாதீவுக்குத் திரும்பி வந்தபோது உனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடமும் இல்லை, சிநேகிதிகளும் இல்லை. நீ ஊரைக் கீறத் தொடங்கினாய். வேறு பிள்ளைகள் கடலையும் கோபுரத்தையும் கீறுவார்கள். நீ ஆட்களைக் கீறினாய். வள்ளத்தில் கயிறு எறிகிறவன், வலை பொத்துகிறவன், என் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறவர்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, வட்ட எழுத்தில், ஆளின் பெயர், தகப்பன் பெயர், எந்த வட்டாரம், கீறிய திகதி. சங்கக்கடை மனேச்சரின் மகள் அல்லவா, பெயர்ப் பதிவு இல்லாமல் உனக்கும் ஒன்றும் நடக்காது. யாழ்ப்பாணத்துக்குப் போய் முறையாகக் கீறப் படிக்கவேண்டும் என்று நீ கேட்டபோது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. "படம் கீறிச் சோறு தின்ன ஏலுமோ? தட்டெழுத்துப் படி." நீ ஆறு மாதம் தட்டெழுத்துப் படித்தாய். அந்த ஆறு மாதமும் கொப்பியில் ஒரு பக்கம்கூட இல்லை. அதை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன், கத்தரிக்கோலோடு பக்கங்களைப் புரட்டியபோது.

அந்தக் கத்தரிக்கோலுக்கு வருகிறேன். கொப்பிகளைக் கேட்டு உன் கடிதம் போன வருடம் வந்தபோது சாந்தி, உன் பெரியப்பாவின் மருமகள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டு இருந்தாள். ஊரை விட்டு வெளியே போக விடுகிற பாஸ் கிடைத்துவிட்டது. கொழும்பு போய்ச் சேருவதற்குள் எத்தனை இடத்தில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் கொப்பிகளைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் முதல் கொப்பியில் ஐந்து பக்கம் புரட்டினாள். அவளுடைய முகம் மாறிவிட்டது.

"மாமா, இதென்ன வேலை? ஊரிலை இருக்கிற பெடியள் எல்லாரும் பேரோடை இருக்கிறாங்கள். இதைப் பிடிச்சாங்கள் எண்டால் தலையாட்டியே தேவையில்லை."

தலையாட்டி என்றால் உனக்குத் தெரியும். அங்கே உள்ள உன் சிநேகிதர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்குச் சொல்: ஊரை வளைத்துப் பிடித்து எல்லாரையும் வரிசையில் நிறுத்தும்போது, சாக்கினால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை.

"பேரை மட்டும் அழிச்சுத் தந்தால் கொண்டு போவியோ?" என்று கேட்டேன்.

"ஏலாது மாமா. முகம் இருந்தால் பேர் எதுக்கு? எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. இளம் பெடியன்ர முகம் ஒண்டு இருந்தாலும் நான் கொண்டு போகமாட்டன்."

அவளில் ஒரு பிழையும் இல்லை. நான் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, மேசையில் மூன்று கொப்பியையும் விரித்தேன். கொழும்பிலும் இங்கேயுமாக முப்பது வருடம் சங்கக்கடையில் கூப்பன் வெட்டிய கை இது. சீனிக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, கோடு தப்பாமல் வெட்டவேண்டும், கோடு தப்பினால் மேலிடத்தில் கேள்வி வரும். அதே கத்தரிக்கோல். உன் பெடியன்களின் முகங்களை நான் கூப்பன் வெட்டுவதைப்போல வெட்டினேன், நாலு மூலையும் சரியாக. கோணலாக வெட்டியிருக்கலாம். கிழித்திருக்கலாம். கை பழகிய வழிக்குப் போய்விட்டது. கிழவர்களை விட்டேன், பெண்களை விட்டேன், சின்னப் பிள்ளைகளை விட்டேன். பெயர்களை எல்லாம் அழிறப்பரால் தேய்த்தேன். வெட்டிய முகங்களைப் பிட்டுப் பானைக்குக் கீழே போட்டு எரித்தேன். அன்று பிட்டு அவித்தேன், தின்னவில்லை.

ஏன் வெட்டினேன் என்று ஒரு வரி எழுதிக் கொப்பிக்குள் வைத்திருக்கலாம். அந்த வரியே பிடிபட்டால் என்ன செய்வது என்று பயந்து வைக்கவில்லை. சாந்தி கனடாவில் இருந்து உனக்குப் பார்சல் போட்டபோது அவளும் எழுதவில்லை. நீ பிரித்துப் பார்த்திருக்கிறாய். எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. ஆனால் நீ உடனே கண்டுபிடித்துவிட்டாய். "நாலு மூலையும் இவ்வளவு சரியா வெட்டுறதுக்கு உலகத்திலை ஒரு ஆள்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்துச் சிரித்தேன், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நீ அந்தக் கொப்பிகளைத் தரகர் அம்மாவிடம் கொண்டுபோனது விளக்கிச் சொல்லத்தான். இவ்வளவுதான் மிஞ்சியது, இருந்ததை நான் திரும்பக் கீறித் தருகிறேன் என்று சொல்லத்தான். நீ வாயைத் திறப்பதற்கு முன்னமே அவள் கொப்பியைத் திறந்துவிட்டாள். முகம் இல்லாமல் கயிறு எறிகிறவனைப் பார்த்தாள். முகம் இல்லாத வரிசையைப் பார்த்தாள். அந்த ஓட்டைக்குள் தன் விரலை வைத்துக்கொண்டு கண் கலங்கினாள். மற்ற அறைகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். இந்த நேர்க்கோடு அதிகாரத்தின் கத்தி, இதை யோசித்தவள் சாதாரண ஆள் இல்லை என்று சொன்னாள். அது அதிகாரத்தின் கத்தி இல்லை, சங்கக்கடைக் கத்தரிக்கோல் என்று அவளுக்கு யார் சொல்வது? "இதை எப்போது வெட்டினாய்?" என்று அவள் கேட்டபோது நீ பேசாமல் இருந்துவிட்டாய். பேசாமல் இருந்ததை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு கிழமையில் காகிதம் வந்துவிட்டது: உன்னைத் தங்கள் ஆளாக எடுக்கிறோம், இதே மாதிரி இன்னும் இருபது படம் செய், முகம் வெட்டிய படம், ஒரு பெரிய புத்தகமாகப் போடலாம்.

இப்போது நீ என்னைக் கேட்கிறாய். "சொல்லட்டோ அப்பா, சொல்லாமல் விடட்டோ? சொன்னால் என்னை விட்டிடுவினம். சொல்லாட்டி அது என்ர படமோ?" இதற்கு நான் என்ன சொல்ல? நேற்று முழுக்க யோசித்தேன். சொல்லு என்றால், ஐந்து இடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையை ஆறாவது இடத்திலும் எழுப்பி அனுப்புகிறவன் ஆகிறேன். தட்டெழுத்துப் படி என்று சொன்னவன் இரண்டாம் தரமும் அதையே செய்கிறான். சொல்லாதே என்றால், என் பயத்தை உன் கெட்டித்தனம் என்று விற்கச் சொல்கிறேன். பகிடியாக ஒன்று சொல்லலாம்: வெட்டியது நான்தானே, காகிதத்தை எனக்கு அனுப்பச் சொல், நான் கையெழுத்து வைக்கிறேன், இன்னும் இருபது என்ன, இருநூறு வெட்டித் தருகிறேன். ஆனால் எனக்குப் பகிடி வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது முகத்தைக் கீறி, அந்த இருபதையும் நீயே உன் கையால் வெட்டவேண்டும். நான் உயிருக்குப் பயந்து ஒரு தரம் செய்ததை நீ சம்பளத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அந்த அம்மா கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. அவள் உண்மையாகத்தான் அழுதிருப்பாள். ஆனால் எங்களுக்கு முகம் இல்லாததுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. முகத்தோடு நாங்கள் வந்திருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்திருப்பாளோ என்று எனக்கு ஒரு எண்ணம். நான் தீவுக்குள் கிடக்கிறவன், எனக்கு அந்த ஊர் தெரியாது, பிழையாகவும் இருக்கலாம். இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பிள்ளை. இதுவும் பிந்தித்தான் வந்து சேரும்.

கடிதத்தின் கடைசியில் நீ சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறாய்: வெட்டினதுகள் இருக்கோ? இருந்தால் நான் திரும்ப ஒட்டிவிடுவன். இல்லை என்று மேலே எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அதற்கு முன்னம் தங்கம்மா மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தங்கம்மாவின் மகன் வசந்தன்தான் உன் முதல் கொப்பியில் கயிறு எறிகிறவன். நீ போன பிறகும் அவன் அதே வள்ளத்தில்தான் வேலை செய்தான். மூன்று வருடத்துக்கு முன்னம் ஒரு நாள் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார், இறக்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். தங்கம்மா போகாத முகாம் இல்லை. போகிற இடத்தில் எல்லாம் "மகனுடைய படம் கொண்டு வா" என்று கேட்டார்கள். படம் இல்லை. அந்த நாட்களில் நாங்கள் எல்லா வீட்டிலும் பெடியன்களின் படங்களை எரித்தோம், பள்ளிக்கூடக் கூட்டப் படத்தைக்கூட விடவில்லை. அதில் பக்கத்தில் நின்றவன் எந்த இயக்கத்துக்குப் போனான் என்று யாருக்குத் தெரியும்? தங்கம்மாவும் தன் கையால் எரித்தவள்தான்.

உன் கொப்பிகள் போய் இரண்டு கிழமையில் அவள் என் வாசலுக்கு வந்தாள். யாரோ அவளுக்கு ஞாபகப்படுத்தி இருக்கிறார்கள்.

"அண்ணை, உங்கட பிள்ளை என்ர பெடியனைக் கீறினவள் எல்லோ? கயிறோடை நிக்கிற மாதிரி. அந்தக் கொப்பி உங்களிட்டை இருக்கோ?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ என்று சொல்லி, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றேன். அதே அடுப்பு. திரும்பி வந்து பொய் சொன்னேன்.

"பிள்ளை கேட்டு எழுதினவள், தங்கம்மா. கொப்பியை லண்டனுக்கு அனுப்பிப்போட்டன்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அழுவாள் என்று நினைத்தேன். "லண்டனிலையோ? அப்ப பயமில்லை. அங்கை ஒருத்தரும் எரிக்கமாட்டினம்" என்றாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றில் இருந்து என்னை எங்கே கண்டாலும், அம்மன் கோயில் வீதியில் கண்டாலும், இறங்குதுறையில் கண்டாலும், கேட்பது ஒன்றுதான்: பெடியன் சுகமா இருக்கிறானோ? ஓம் என்று சொல்கிறேன். ஒரு வருடமாக ஓம் சொல்கிறேன்.

இனி மற்றது. இரண்டாம் கொப்பியில் நடுப்பக்கம். முற்றத்தில் பாய் விரித்து, பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு பெண் குந்தி இருக்கிறாள், முகம் இருந்த இடத்தில் சதுர ஓட்டை. "தாயையுமே அழித்துவிட்டாய், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படம்" என்று அந்த அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத்தான் புத்தகத்துக்கு அட்டையாகப் போட நினைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஓட்டை பயத்தினால் வந்தது இல்லை, பிள்ளை. பெண்களை விட்டேன் என்று சொன்னேன். உன் அம்மாவை மட்டும் விடவில்லை.

நம் வீட்டுப் படப்பெட்டி உனக்குத் தெரியும். இந்தத் தீவில் பத்திரம் இல்லை, குண்டு விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று நான்தான் அதைப் புங்குடுதீவில் உன் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா வேண்டாம் என்று சண்டை பிடித்தாள். நான் கேட்கவில்லை. சண்டை அங்கேதான் வந்தது, அத்தை குடும்பம் உடுத்த உடுப்போடு ஓடியது; வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. இங்கே ஒரு ஓடுகூடக் கழலவில்லை. அதற்கு அடுத்த மாதம் அம்மாவுக்கு மூச்சு இழுப்புக் கூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளம் நாலு நாளாக ஓடாமல், அவள் போய்ச் சேர்ந்தாள். அடையாள அட்டையைச் சாவுப் பதிவு செய்யும்போது வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அவளுடைய முகம் என்று ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலோடு இரண்டாம் கொப்பியைத் திறந்தபோது அவள் அங்கே இருந்தாள். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உன்னைத் திட்ட வாயைத் திறக்கிற நேரம். "வெயிலுக்கை நிண்டு என்னத்தைக் கீறுறாய், வந்து ஒடியலைக் கிளறு." எனக்குச் சத்தமே கேட்டது. நான் அதைக் களவெடுத்தேன். உன்னுடைய படத்தில் இருந்து உன்னுடைய அம்மாவை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அது என் அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு தரம் காவலரணில் நின்ற இராணுவப் பெடியன் ஒருவன் அட்டையை உருவியபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. யார் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மனைவி, செத்துப்போனாள் என்றேன். அவன் வடிவாக உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, மூலை மடங்காமல் தானே திரும்ப உறைக்குள் வைத்துத் தந்தான். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன் இரண்டு நாள் எழும்பவில்லை. என்னுடைய ஒரு முகத்தை வைத்திருக்க எனக்குத் தைரியம் இருந்தது. தங்கம்மாவின் ஒரு முகத்தை அடுப்பில் போட்டேன்.

நீ ஒட்டக் கேட்டாய். நேற்று இந்தக் கடித உறைக்குள் அம்மாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். காலையில் திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். ஏலாது, பிள்ளை. நான் இருக்கும்வரை ஏலாது. நியாயம் இல்லை என்று தெரியும். உன் கை கீறியது, உனக்குத்தான் சொந்தம். என்னை மன்னித்துக்கொள், அல்லது மன்னிக்காமல் விடு. ஆனால் ஒன்று செய். கையெழுத்து வைத்தாலும் வைக்காவிட்டாலும், அவர்களுக்காக வெட்டுவதற்கு முன்னம், எனக்காக ஒன்று கீறு. வசந்தனைக் கீறி அனுப்பு. சின்னதாக, ஒரு சேலைத் தலைப்பில் முடிந்து வைக்கக்கூடிய அளவில். எத்தனை மாதம் எடுத்தாலும் பரவாயில்லை.

நீ அவனைக் கடைசியாகக் கண்டு ஆறு வருடம் ஆகிறது. மறந்திருப்பாய் என்று எனக்கும் விளங்குகிறது. அவன் முகம் எப்படி என்று எழுதி உதவி செய்யலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. நாளுக்கு இரண்டு தரம் கண்ட பெடியன், எனக்கு அவனுடைய கயிறுதான் தெரிகிறது, தோள்தான் தெரிகிறது. ஒரு புருவத்தில் காய வடு ஒன்று இருந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு இருந்தபோது படலை திறந்த சத்தம் கேட்டது. தங்கம்மா. முருங்கைக்காய் கொண்டு வந்தாள். மேசையில் கடிதத்தைக் கண்டுவிட்டாள்.

"பிள்ளைக்கோ எழுதுறியள் அண்ணை?"

"ஓம்."

"என்ர பெடியனைக் கவனமா வைச்சிருக்கச் சொல்லி எழுதுங்கோ."

எழுதுகிறேன் என்றேன். இதுதான் தருணம் என்று நினைத்து, சும்மா கேட்பதைப்போலக் கேட்டேன்: "தங்கம்மா, வசந்தனுக்குப் புருவத்திலை ஒரு வடு இருந்ததெல்லோ? அது எந்தப் பக்கம், இடமோ வலமோ?"

அவள் வாயைத் திறந்தாள். வலக்கை தன் புருவத்துக்குப் போனது, பிறகு மற்றப் புருவத்துக்குப் போனது, பிறகு கீழே இறங்கிவிட்டது. முருங்கைக்காயை மேசையில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏன் அண்ணை என்னைக் கேக்கிறியள்? எனக்கு இப்ப எல்லாம் மறந்து போகுது. பிள்ளையிட்டைப் படம் இருக்குத்தானே. பாத்து எழுதச் சொல்லுங்கோ."

அப்படியே எழுதச் சொன்னாள். பக்கத்தில்தான் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

அப்பா